படிவத்தில் இல்லாத கட்டம்

சமூகப் பணி படித்து முடித்துக் களத்துக்குப் போன முதல் மாதம், என் கையில் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் குடிப்பவர் உண்டா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வீடு சுத்தமாக இருக்கிறதா, சேமிப்புப் பழக்கம் உண்டா. எதிரே இருந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் கூண்டில் நிற்பவர் போலப் பதில் சொன்னார். நடுவே, மூன்று மாதமாகக் கூலி தராமல் இழுத்தடிக்கும் முதலாளியைப் பற்றிச் சொன்னார். அதை எழுதக் கட்டம் இல்லை. கடைசியில் ‘பிற’ என்றிருந்த ஒற்றை வரியில் நுணுக்கி எழுதினேன். மேலதிகாரி அதைத் தொடவே இல்லை. ‘சேமிப்பு இல்லை’ என்பதன் கீழ்ச் சிவப்புக் கோடு போட்டு, ‘ஆலோசனை தேவை’ என்று எழுதியிருந்தார். கூலியே வராதவர் எதைச் சேமிப்பார்?

தீவிரச் சமூகப் பணி, அதாவது தனி மனிதரைத் திருத்துவதோடு நிற்காமல் துன்பத்துக்குக் காரணமான அமைப்பையும் கேள்வி கேட்கும் பணி, என்றதும் கொடியும் கோஷமும்தான் என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சிகாகோவின் குப்பையைத்தான் சொல்வேன். 1889இல் அங்கே ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ், புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு நடுவிலேயே குடியிருந்தார். அந்த வட்டாரத்தில் குழந்தைகள் அதிகமாக இறந்துகொண்டிருந்தன. தாய்மார்களை உட்காரவைத்துச் சுத்தத்தைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால், அள்ளப்படாத குப்பையைப் பற்றி ஹல் ஹவுஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் போயின. அதற்கும் நகர நிர்வாகம் அசையாதபோது, குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கே அவர் விண்ணப்பித்தார். அது தள்ளுபடியானது. 1895இல் அந்த வார்டின் குப்பை ஆய்வாளராகவே ஆகி, காலை ஆறு மணிக்கு வண்டிகளின் பின்னால் போனார். ஒரு குறுகலான தெருவில், 18 அங்குலக் குப்பைக்கு அடியில் தளம் போட்ட பாதையே இருந்தது!

2014இல் உலகளவில் ஏற்கப்பட்ட சமூகப் பணி வரையறையில் சமூக நீதியும் இருக்கிறது, மக்களின் விடுதலையும் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம், பிறகு அதே பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம்.

தீவிரச் சமூகப் பணி பேசும் எங்கள் தரப்பிலும் ஒரு திமிர் உண்டு. அமைப்பு மாறாமல் எதுவும் மாறாது, அதுவரை செய்வதெல்லாம் வெறும் கட்டுப்போடுவது என்பார்கள். இரத்தம் வழியும்போது கட்டுத்தான் வேண்டும். போட்டுவிட்டு, வெட்டியவன் யார் என்றும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு நான் பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஐந்து கோப்புகளில், அதே ‘பிற’ வரியில், அதே முதலாளியின் பெயர். எழுதியவர்கள் வேறு வேறு பணியாளர்கள். அந்த ஐந்து பெண்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒரே அறையில் உட்காரவைத்தேன். சேர்ந்து மனு எழுதினார்கள். கூலி தவணை தவணையாக வந்தது. எனக்கு, பணி வரம்பை மீறியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.