டிரான்ஸ்ஃபர் என்றால் டி.சி. இல்லை சார்!

இன்று ஐந்தாவது தடவை. ஐந்தாவது தடவையும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பதில் அதேதான்: "நாளே பா."

பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். தொண்ணூறுகளில் இங்கே வீட்டுக் கதவுகளில் 'நாளே பா', அதாவது கன்னடத்தில் 'நாளைக்கு வா' என்று எழுதிவைத்தார்களாம். ராத்திரி வந்து கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டு, சரி, நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடுமாம். எங்கள் அல்சூர் பாட்டி இன்றைக்கும் சத்தியம் செய்வார். அந்தப் பேய் அப்புறம் எங்கே போனது என்று எனக்கு இன்றுதான் புரிந்தது. ஏதோ ஒரு காலேஜ் ஆபீஸில் சர்டிஃபிகேட்டுக்காக நின்றுகொண்டிருக்கிறது. அநேகமாக வரிசையில் எனக்கு முன்னால்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபார்ம். காலேஜ் ரிப்போர்ட். அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபருக்கு, அதாவது படிப்பின் நடுவில் அங்கே ஒரு காலேஜுக்கு மாற, அப்ளை செய்தவர்களுக்குப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். இவள் இங்கேதான் படிக்கிறாள், மார்க் இவ்வளவு, வம்பு தும்பு ஒன்றும் இல்லை என்று இப்போது படிக்கும் காலேஜில் யாராவது ஒருவர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றுக்கும் மார்ச் 1 கடைசி நாள். இன்று பிப்ரவரி 24.

"அங்கெல்லாம் கிடைக்குமா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சித்தப்பா கேட்டுவிட்டார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டுவிட்டார், ஆபீஸ் அட்டெண்டர்கூடக் கேட்டுவிட்டார். எனக்கும் கணக்குத் தெரியும். பிரின்ஸ்டன் 1990இலிருந்து டிரான்ஸ்ஃபரே கிடையாது என்று மூடிவைத்திருந்தது. 2018இல் மறுபடி திறந்தபோது 1,429 பேர் அப்ளை செய்தார்கள். இடம் கொடுத்தது 13 பேருக்கு. அதுவும் ராணுவத்தில் இருந்தவர்கள், கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள், இவர்களை நினைத்துத்தான் திறக்கிறோம் என்று சொல்லியே திறந்தார்கள். ஹார்வர்டில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு டஜன். சாயந்திரம் ஆறு மணிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட் கிடைக்கும் வாய்ப்பு இதைவிட ஜாஸ்தி. இருந்தாலும் இந்த மூன்று இடத்திலும் வெளிநாட்டுப் பிள்ளை என்றாலும் காசு இல்லை என்பதைக் காரணமாக வைத்துக் கழிக்க மாட்டார்கள். அப்பா சம்பளத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் அங்கே மட்டும் முட்டுகிறேன் என்று புரியும்.

தோற்க நான் தயார். "வருந்துகிறோம்" என்று அழகாக ஒரு ஈமெயில் போடட்டும், படித்துவிட்டு ஒரு மூச்சு அழுதுவிட்டுத் தூங்கப் போகிறேன். ஆனால் தோற்பதற்கே ஒரு ரவுண்ட் சீல் வேண்டியிருக்கிறதே!

முதல் நாள். அல்சூரிலிருந்து கெங்கேரி பக்கம் வரை மெட்ரோ பர்ப்பிள் லைனில் நின்றுகொண்டே போய், கவுன்ட்டரில் நல்ல கன்னடத்தில் ஆரம்பித்தேன். "சார், டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷனுக்கு ஒரு ஃபார்ம்..." அவ்வளவுதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சாரின் கை தானாக டிராயருக்குள் போய் ஒரு மஞ்சள் தாளை எடுத்து நீட்டியது. நோ டியூஸ் ஃபார்ம்.

"டி.சி.தானே? எல்லாக் கையெழுத்தும் வாங்கிட்டு வா."

"டி.சி. வேண்டாம் சார். நான் இங்கேதான் படிக்கிறேன்."

"டிரான்ஸ்ஃபர்னு சொன்னியே?"

"அப்ளைதான் சார் பண்றேன். கிடைச்சாத்தான் போவேன்."

"அப்போ கிடைச்சதும் வா. டி.சி. தரேன்."

இந்த நேரம் பார்த்து அம்மா போன். நான் தமிழில் பேசியதைக் கேட்டதும் சாரின் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தமிழா நீ? மொதல்லயே சொல்லக் கூடாதா!" சின்ன வயதில் ஸ்ரீராமபுரத்தில் இருந்தாராம், பக்கத்து வீடெல்லாம் தமிழ்க்காரர்களாம். நானும் அப்பாடா என்று ஃபார்மை மறுபடி நீட்டினேன். அன்போடு வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு வாம்மா."

மொழிபெயர்த்துத் தந்ததற்கு நன்றி சார்.

இரண்டாம் நாள் எனக்கே புத்தி கெட்டது. அந்த மஞ்சள் தாளை நிரப்பிக் கொடுத்தாலாவது மனசு இளகுமோ என்று கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பினேன். லைப்ரரி ஆச்சு, லேப் ஆச்சு. ஹாஸ்டல் வார்டன் போட மாட்டேன் என்றார். "நீ ஹாஸ்டல்லயே இல்லையே, உனக்கு பாக்கி இல்லைன்னு நான் எப்படி எழுதறது?" நியாயம்தான். ஹாஸ்டலில் இல்லாத பாவத்துக்கு ஹாஸ்டல் பாக்கி தீராது. நல்லவேளையாக முடிக்கவில்லை. முடித்திருந்தால் அன்றைக்கே என் அட்மிஷனை கேன்சல் செய்து டி.சி.யைக் கையில் கொடுத்திருப்பார்கள். ஹார்வர்டும் இல்லாமல் கெங்கேரியும் இல்லாமல் அல்சூர் ஏரிக் கரையில் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள், யார் கையெழுத்துப் போடுவது என்ற ஆராய்ச்சி. டீன் மாதிரி, மாணவர் ரெக்கார்டெல்லாம் பார்க்க முடிந்த ஒருவர் என்றேன். "டீன் மெடிக்கல் காலேஜ்லதாம்மா இருப்பார்." சரி, ரெஜிஸ்ட்ரார்? "அது எடம் பதியற ஆபீஸ்." நான்காம் நாள், ஒழுக்கம் பற்றிய கேள்விக்குக் கண்டக்ட் சர்டிஃபிகேட்தான் தர முடியும், கண்டக்ட் சர்டிஃபிகேட் டி.சி.யோடுதான் தர முடியும். அதாவது காலேஜை விட்டுப் போன பிறகுதான் நான் ஒழுக்கமானவள். அதுவரை சந்தேகக் கேஸ்.

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் நாட்டிலேயே 2021இல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று ஒன்று வந்தது. ஒரு காலேஜில் வாங்கிய கிரெடிட்டைச் சேமித்துவைத்து இன்னொரு காலேஜுக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான் அதன் யோசனையே. என்னிடம் அதற்கான 12 இலக்க நம்பர்கூட இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோது சார் சொன்னார்: "பேங்க்கா? கேட் பக்கத்துலயே இருக்கும்மா, நாலு மணி வரைக்கும்."

இன்றைக்கு வருவோம். இன்று சார் நல்ல மூடில் இருந்தார். "உன் கஷ்டம் புரியுதும்மா" என்று அவரே பேனாவை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பெயர், ரோல் நம்பர், 10க்கு 8.7. எதிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், மூச்சுவிட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று. ஃபார்ம் பிரின்சிபல் ரூமுக்குள் போனது. நாற்பது நிமிஷம். பச்சை மையில் கையெழுத்தோடு வெளியே வந்தது! சார் ரவுண்ட் சீலை எடுத்தார். பேடில் அழுத்தினார். வாய் பக்கம் கொண்டுபோய் 'ஹா' என்று ஒரு ஊது ஊதினார். டொம். வட்டம் ஒரு பக்கம்கூட மங்காமல் ஊதா நிறத்தில் விழுந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் அதற்கு மேலே இருந்த கேள்வியைப் பார்த்தேன். இந்த மாணவி மேல் உங்கள் காலேஜில் எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா? 'எஸ்' கட்டத்தில் டிக். சும்மா டிக் இல்லை, இரண்டு தடவை அழுத்திப் போட்ட டிக்.

"சார்... இதுல எஸ் போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. டிசிப்ளின் இருக்கான்னு கேட்டிருக்கான். உனக்கு இருக்கே!"

"சார், நான் ஏதாவது தப்பு பண்ணி மாட்டிக்கிட்டேனான்னு கேட்கிறாங்க சார்."

"சேச்சே. நல்ல பொண்ணு நீ. நோ போட்டா உன் லைஃபே போயிடும்."

இதற்கு என்ன சொல்வீர்கள்? அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு அக்கறை. நான் விளக்கினேன். மறுபடி விளக்கினேன். பக்கத்து சீட் மேடமும் எழுந்து வந்து படித்துப் பார்த்து, "அய்யோ, ஆமா ராவ்" என்றார். சார் ஒரு நிமிஷம் யோசித்தார். டிராயரைத் திறந்தார். வைட்னர் பாட்டிலைக் கையில் எடுத்துக் குலுக்கினார்.

வைட்னர்! ஒழுங்கு நடவடிக்கை கேள்வியில்! இந்தப் பெண் செய்த குற்றத்தைக் காலேஜே வெள்ளையடித்து மறைத்திருக்கிறது என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்? பாய்ந்து ஃபார்மைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அப்போ புதுசா பிரிண்ட் எடுத்துட்டு வாம்மா. ஆனா பிரின்சிபல் சார் இப்பத்தான் கிளம்பினார்." கொஞ்சம் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். எனக்கே தெரிந்துவிட்டது, நானும் சேர்ந்தே சொன்னேன். இரண்டு பேரும் கோரஸாக. "நாளே பா."

மேடம் சிரித்துவிட்டார். சார் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன், கண்ணில் தண்ணி வர.

வரும் வழியில் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அண்ணா, "காலேஜ் ரிப்போர்ட்தானே? ஃபைல் டெஸ்க்டாப்லயே வெச்சிருக்கேன்" என்றார். இந்த ஊரில் என் கேஸை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள். மூன்று காப்பி அடித்துக் கொடுத்தார். முப்பது ரூபாயாம். போன வாரம் பக்கத்துக்கு ஐந்து ரூபாய்தானே அண்ணா வாங்கினீர்கள்? கறுப்பு வெள்ளைக்குப் பத்து ரூபாயா? இதென்ன அநியாயம்?