"எங்க எண்டாலும் சரி"யாம்!

"எங்க எண்டாலும் சரி" என்று இனி யாராவது என் முகத்துக்கு நேரே சொன்னால், கையில் இருக்கிறதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். நடந்தது சனிக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய். இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

தென்மேற்கு லண்டனில் நாங்கள் இருக்கிற நியூ மோல்டனில் கொரியன் சாப்பாட்டுக்கு அலைய வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஸ்டேஷனில் இறங்கி ஹை ஸ்ட்ரீட்டால் நேரே ஃபவுண்டன் ரவுண்டபௌட் வரைக்கும் நடந்து பாருங்கள். இறைச்சி சுடும் கடை, சூப்புக் கடை, பொரித்த கோழிக் கடை, பேக்கரி, தலைமுடி வெட்டும் கடை வரைக்கும் கொரியன் எழுத்துத்தான். ஐரோப்பாவிலேயே கொரியர்கள் நிறைந்து வாழும் இடம் என்று பெயர் எடுத்த ஊர் இது. வடகொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களும் நூற்றுக்கணக்கில் இங்கே குடியிருக்கிறார்கள். வாட்டர்லூவில் ரயில் ஏறி அரை மணித்தியாலத்துக்குள் வந்திறங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது ஊர் உலகம். பதினொரு வருடமாக இங்கேயே இருக்கிற எங்களுக்கு ஒரு மேசையில் போய்க் குந்த முடியவில்லை.

கொரியன் கேட்டது நானில்லை. டொரொண்டோவிலிருந்து வந்திருக்கிற அக்காதான் கேட்டா. கொரியன் நாடகம் பார்க்கிறாவாம், அதில் சாப்பிடுகிறதைப் பார்க்க ஆசையாக இருக்கிறதாம். சரி, போவோம் என்றேன். போன கிழமை செவ்வாய்க்கிழமையே குடும்பக் குரூப்பில் போட்டேன்: எந்தக் கடை, என்ன சாப்பாடு, ஆருக்கு என்ன ஆகாது, இப்பவே சொல்லுங்கோ. அக்கா: "எங்க எண்டாலும் சரி." அத்தான்: பெருவிரல் படம் ஒன்று. ஹரோவில் இருக்கிற தம்பி: "எனக்கு எதெண்டாலும் ஓகே." என் வீட்டுக்காரர், பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு: "நீரே பாத்துச் செய்யும்."

நானே பார்த்துச் செய்தேன். மாமிக்குப் புரட்டாசிச் சனி. எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டு வருகிறவ, மச்சம் மாமிசம் வாயில் வைக்க மாட்டா. மரக்கறிதானே, அதில் என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள். கொரியன் சாப்பாட்டில் மீன் எங்கே ஒளிந்திருக்கும் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கிம்ச்சி பார்க்க வெறும் கோவா, அதுதான் முட்டைக்கோசு, ஊறுகாய்தான். ஆனால் உப்பில் ஊறின கூனி இறாலோ மீன் சாறோ போடாமல் அநேகம்பேர் அதைச் செய்ய மாட்டார்கள். தோயென்ஜாங் சூப்பு சோயா அவரையைப் புளிக்க வைத்த விழுதில் செய்கிறது, ஆனால் அதன் தண்ணீர் நெத்தலி அவித்த தண்ணீர். வெங்காயத்தாள் போட்டுச் சுடுகிற ரொட்டிக்குள் கணவாய் கிடக்கும். சக்கரைவள்ளி நூடுல்ஸ் ஜாப்சேக்குள் மாட்டிறைச்சிக் கீற்று. கடைசியில் மிஞ்சுவது பிபிம்பாப், சோற்றுக்கு மேல் மரக்கறியும் இறைச்சியும் முட்டையும் வைத்துத் தருகிறது. அதிலும் இறைச்சியை எடுக்க வேண்டும், முட்டையை எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு வியாழக்கிழமை மத்தியானம், வேலையிடத்தில் என்னுடைய சாப்பாட்டு நேரத்தில், மூன்று கடைகளுக்குப் போன் பண்ணினேன். மூன்றாவது கடைக்கார அம்மா பொறுமையாகக் கேட்டா. மாமிக்குக் கல்லுச்சட்டிப் பிபிம்பாப், முட்டையில்லாமல், இறைச்சியில்லாமல். கிம்ச்சிக்குப் பதிலாக முளைப்பயறும் கீரையும் கூடுதலாக வைக்கிறேன் என்றா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு பேர், ஏழு மணி என்று பதிந்தேன்.

சனிக்கிழமை ஏழுக்கு ஐந்து. தூறல். கதவுக்கு வெளியே நாங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் மேசை. இரண்டு மேசைகளை இழுத்து ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். நீளப் பிடி வைத்த கரண்டியும் தட்டையான உலோகக் குச்சிகளும் கடதாசி உறைக்குள் போட்டு ஏழு இடத்தில் வரிசையாக இருந்தன. பார்லித் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. யன்னலோர மேசையில் ஒரு பெடியன் கல்லுச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். கோச்சுஜாங் என்கிற மிளகாய் விழுதின் சிவப்பு சோற்றில் பரவிக்கொண்டு வந்தது. சட்டியின் கரையில் ஒட்டிப் பொரிந்த சோற்றை அவன் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். நூருங்ஜி என்று சொல்வார்கள், எங்கள் ஊர்க் காந்தல்தான். அம்மா சோற்றுப் பானையின் அடியில் சுரண்டித் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தருவாவே, அதே நிறம். நான் அதற்காகவே மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடாமல் வந்திருந்தேன்.

கதவில் கை வைத்தேன். பின்னுக்கிருந்து அக்கா: "இறைச்சி சுடுற மணம் வருது. என்ர கோட் புதுசு."

கோட்! கொரியன் கடைக்குப் போவோம் என்று சொன்ன வாய். இறைச்சி சுடாமல் அங்கே வேறு எதைச் சுடுவார்கள்? உள்ளே இரண்டே இரண்டு மேசையில்தான் அடுப்பு எரிந்தது, எங்கள் மேசை மற்றக் கரையில். சொன்னேன். அதற்குள் அத்தான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்: "சனமே இல்லையே. சனமில்லாத கடையில என்ன ருசி?" ஏழு மணிக்குக் கடை அப்படித்தான் இருக்கும், எட்டு மணிக்கு நிற்க இடம் இருக்காது, அதற்குத்தானே பதிவு செய்கிறது. அதையும் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி போனை நீட்டினான்: "இது நாலு தசம் ரெண்டுதான் அக்கா. உங்கால ஒண்டு நாலு தசம் ஆறு."

நாலு தசம் இரண்டு! எனக்கு அதிலேயே விசர் வந்துவிட்டது. வாங்கி வாசித்தேன். ஒருவன் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறான், கார் விட இடமில்லையாம். இன்னொருத்தி இரண்டு நட்சத்திரம், கிம்ச்சி புளித்திருந்ததாம். கிம்ச்சி புளிக்காமல் பின்னே இனிக்குமா? புளிக்க வைப்பதற்குத்தானே உப்பும் மிளகாய்த்தூளும் பூசி நாள்கணக்கில் மூடி வைக்கிறார்கள்? இந்த ஆட்களின் கணக்கைப் பார்த்து, எனக்காக மேசை சேர்த்து வைத்திருக்கிற அம்மாவின் கடையை விட்டுப் போக வேண்டுமாம்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு சொல் சொல்லுங்கோ என்று கண்ணால் கெஞ்சினேன். "எல்லாருக்கும் விருப்பமான மாதிரிச் செய்வம்" என்றார். அந்த வசனத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உள்ளே போய் மன்னிப்புக் கேட்டது யார்? நான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாமியின் சாப்பாட்டைப் பற்றிக் குறித்து வைத்திருந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை என்று தலையைக் குனிந்தா. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு என்ன, ஊர்வலம். நாலு தசம் ஆறு கடையில் ஐம்பது நிமிடம் நிற்கச் சொன்னார்கள். மகள் பசிக்குது என்று சிணுங்கத் தொடங்கினாள். அடுத்தது முழுக்க இறைச்சி சுடும் கடை, அடுப்புக்கு ஆகக் குறைந்தது இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று கதவிலேயே எழுதியிருந்தது. மாமிக்கு அங்கே வெறும் சோறு. அதற்கடுத்தது பொரித்த கோழிக் கடை. "கோழிப் பொரியல் தின்னவோ டொரொண்டோவிலிருந்து வந்தனான்? எங்கட ப்ளோர் ஸ்ட்ரீட்டில இதைவிடத் திறமான கொரியன் கடையள் கிடக்கு" என்றா அக்கா. கிடக்கட்டும்! அங்கேயே சாப்பிட்டிருக்கலாமே! மாமி குடைக்குள் நின்றுகொண்டு, "எனக்காக ஒருத்தரும் மினக்கெட வேண்டாம் பிள்ளை, நான் வீட்டை போய்த் தயிரும் சோறும் சாப்பிடுவன்" என்கிறா. அவவுக்காகத்தானே மூன்று நாள் மினக்கெட்டேன்!

ரவுண்டபௌட் வரைக்கும் போய், மற்றப் பக்கத்தால் திரும்பி வந்தோம். எட்டே முக்காலுக்கு மறுபடியும் முதல் கடை வாசலில் நிற்கிறோம். எங்கள் மேசையில் ஒரு பெரிய குடும்பம். நடுவில் சின்னச் சின்னத் தட்டுகள் பத்துப் பன்னிரண்டு, ஒரு கிழவர் கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டி வெட்டிப் பேரப்பிள்ளைகளின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். கடை நிரம்பி வழிந்தது. அத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இது நல்ல கடை போல கிடக்கு. முதலே இதுக்குள்ள போயிருக்கலாம்."

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் சொந்தம் அன்றோடு முடிந்திருக்கும்.

எங்கே என்றாலும் சரி என்று சொல்வது விட்டுக்கொடுப்பு என்று இவர்கள் நினைக்கிறார்கள். தேடுவது, போன் பண்ணுவது, பதிவது, மன்னிப்புக் கேட்பது எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு, "இது வேண்டாம்" என்று சொல்கிற அதிகாரத்தை மட்டும் தங்கள் மடியில் முடிந்து வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு மணம் பிடிக்காதா, செவ்வாய்க்கிழமை சொல். நட்சத்திரம் பார்க்க வேண்டுமா, புதன்கிழமை பார். நான் வாசல் கதவில் கை வைத்த பிறகு உன் வாய் திறக்கக் கூடாது. வீட்டு ஆண்களுக்கும் இது சேர்த்துத்தான். மனைவி ஒன்றை ஒழுங்குபடுத்தியிருக்கிறாள் என்றால், "உள்ளுக்கை வாங்கோ எல்லாரும்" என்று ஒரு சத்தம் போட என்ன கேடு?

இப்போது வேலைக்குப் போக ஸ்டேஷனுக்கு நடக்கிறபோது அந்தக் கடை வரும் பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கத்தால் போகிறேன். அந்த அம்மா காலையில் வாசல் கூட்டுவா. பார்க்க முகமில்லை.

சனிக்கிழமை இரவு கடைசியில் என்ன சாப்பிட்டோம் தெரியுமா? கொரியன் சுப்பர்மார்க்கெட்டில் நான் முன்பே வாங்கி வைத்திருந்த ஷின் ராம்யுன் நூடுல்ஸ் பக்கற்றுகள். ஒன்பதரை மணிக்கு நானே சமைத்தேன். அக்கா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, "சரியான உறைப்பு, ஆனா திறம்" என்று இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா. மாமி தயிரும் சோறும். அவ சொன்னதுதான் கடைசியில் நடந்தது. அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடுப்படியில் தனியே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அப்புறம் இன்னொன்று, இதையும் சொல்லிவிடுகிறேன். மாமிக்குச் சோறு வைத்த சட்டி, அவசரத்தில் அடிப்பிடித்துப் போயிருந்தது. காலையில் நான் எழும்பி வரும்போது அது அப்படியே காய்ந்துபோய்க் கிடக்கிறது. அந்த வீட்டில் அன்றிரவு ஏழு பேர் இருந்தார்கள். கை கழுவ எல்லாரும் அந்தக் குழாயடிக்குத்தான் போனார்கள். ஒரு கோப்பை தண்ணீரை அந்தச் சட்டிக்குள் ஊற்றி ஊறவிட ஒருத்தருக்கும் கை வரவில்லை!