மைக் நீட்டும் முன்பு நாம் சொல்ல வேண்டியது

அரசு அதிகாரி ஒருவரிடம் கேள்வி கேட்டால், "இது ஆஃப் தி ரெக்கார்டு" என்று அவரே முந்திக்கொள்வார். அதாவது, கேட்டுக்கொள்ளலாம், வெளியிடக் கூடாது. அல்லது "என் பேர் போடாதீங்க" என்பார். மறுநாள் 'அதிகாரி ஒருவர் தெரிவித்தார்' என்று செய்தி வரும். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடையோடு நிற்கும் விவசாயிக்கு இப்படியெல்லாம் கேட்கலாம் என்பதே தெரியாது. விலை போகாத கோபத்தில் மண்டிக்காரர் பெயரைச் சொல்லித் திட்டிவிடுவார். அந்த பைட்தான் (பேட்டியிலிருந்து வெட்டியெடுத்த துண்டு) வீடியோவில் முதலில் ஓடும். நாளைக்கும் அவர் அதே மண்டிக்குத்தான் சரக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

நிருபர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் லீட் (செய்தியின் தொடக்க வரி), பைட், சோர்ஸ் (தகவல் தருபவர்) எல்லாவற்றையும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் பேட்டி தொடர்பான விதிகளை எதிரே இருப்பவருக்கும் சொல்லிவிட்டுத்தான் கேமராவை ஆன் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயர் வருமா, முகம் தெரியுமா, எதில் எப்போது வரும் என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். எல்லாம் பேசி முடித்துவிட்டு "அதைப் போடாதீங்க" என்று அமைச்சர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, பேசும் முன்பே கேட்டிருக்க வேண்டும். பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமத்தில் முதன்முதலாக மைக்கைப் பார்க்கும் அம்மாவிடம் அந்தக் கறார் கூடாது.

குழந்தைத் திருமணச் செய்திகளைப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. நம் தருமபுரி மாவட்டத்தில் இது பழைய பிரச்சினை, எழுதத்தான் வேண்டும். ஆனால் சிறுமியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஊர், வகுப்பு, அப்பா செய்யும் தொழில் எல்லாவற்றையும் போடுகிறார்கள். ஐம்பது வீடு இருக்கிற ஊரில் அப்புறம் யாருக்குத்தான் தெரியாது? பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பெற்றவரே பேட்டி கொடுத்தாலும் இதுதான் நிலை.

ஃபாலோ-அப், அதாவது பழைய செய்தியைத் தொடர்ந்து போய் எழுதுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரூர் பக்கம் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்கள் கிராமத்தில் வனத்துறையினரும் போலீஸாரும் புகுந்து கொடுமை செய்தது 1992 ஜூனில். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல் வந்தது, உயர் நீதிமன்றம் அதை 2023இல் உறுதி செய்தது. அந்த ஊருக்கு இனிப் போகிறவர்கள் "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்கம்மா" என்று தொடங்க வேண்டாம். அது தீர்ப்பிலேயே இருக்கிறது, படித்துவிட்டுப் போங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க 2023இல் உத்தரவானதே, அது முழுசாகக் கைக்கு வந்ததா, அரசு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன வேலை கிடைத்ததா என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட துறையிடம் போங்கள், அங்கே ஆன் தி ரெக்கார்டாக, அதாவது பெயரோடு வெளியிடக்கூடிய பதிலாக வாங்குங்கள்.