பூனை விலைக்கு வந்த யானை

என் காரின் கியர்பாக்ஸில் ஒரு பார்ட் போய்விட்டது, 2,38,000 ரூபாய் ஆகுமாம் என்று வீட்டில் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “நம்ம அம்பாசிடர என்ன விலைக்குடா வித்தோம்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எனக்கு ஊர் கரூர். 2024 பிப்ரவரியில் கோவையில் ஒரு பழைய கார் கடையில் இந்தச் சனியனைப் பார்த்தேன். 2018 மாடல், பெட்ரோல், வெளிநாட்டுக் கம்பெனியின் சின்ன எஸ்யூவி. புதிதில் ஆன்ரோடு 40 லட்சம். எனக்குச் சொன்ன விலை பதின்மூன்றரை லட்சம். மீட்டரில் 48,000 கிலோமீட்டர். “டாக்டர் வண்டிங்க சார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான் ஓடுச்சு.” பக்கத்தில் நின்ற மச்சினன், “கதவச் சாத்திப் பாருங்க மச்சான், அந்தச் சத்தத்தக் கேளுங்க” என்றான். சாத்திப் பார்த்தேன். தொப்பென்று, பீரோ கதவு மாதிரி கனமாகச் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் பதின்மூன்றரை லட்சம் கொடுத்திருக்கிறேன். அதே பணத்துக்கு வாரண்டியோடு புது வண்டி எடுத்திருக்கலாம் என்று யாராவது இப்போது சொல்ல வந்தால் தயவுசெய்து வேண்டாம். தினமும் பல் தேய்க்கும்போது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கோபம் எனக்கு எதில் என்றால், வண்டிக்கு வயதாக ஆக விலை குறைகிறது. ஸ்பேருக்கு வயதாவதே இல்லை. பதின்மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு ஹெட்லைட் உடைந்தால், 40 லட்ச ரூபாய் வண்டியின் ஹெட்லைட்தான் வரும், அந்த விலையில்தான் வரும். பூனை விலைக்கு யானை கிடைக்கிறதே என்று கயிற்றைப் பிடித்து ஓட்டிவந்துவிட்டேன். அதற்கும் யானைத் தீனிதானே போட வேண்டும்? கடைக்காரன் ஈஎம்ஐ கணக்குப் போட்டுக் காட்டினான், இன்சூரன்ஸ் போட்டுக் காட்டினான். இதை மட்டும் எவனும் வாய் திறந்து சொல்லவில்லை.

முதலில் பேட்டரி. பழைய வண்டியில் ஸ்பேனரைப் போட்டு இரண்டு நட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. இதில் சிக்னலில் இன்ஜின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதி இருப்பதால் அதற்கென்று ஏஜிஎம் பேட்டரி வேண்டும். மாற்றிய பிறகு ஸ்கேனரைச் சொருகி, “உனக்குப் புது பேட்டரி வந்திருக்கிறது” என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். 27,500 ரூபாய். நான் அந்தத் தானாக நிற்கும் வசதியை வாங்கிய மறுநாளிலிருந்தே அணைத்து வைத்திருக்கிறேன், அது வேறு.

அப்புறம் டயர். ரன்ஃப்ளாட் என்று சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. காற்று இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் இன்னொரு 80 கிலோமீட்டர் போகலாம். அதனால் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் தாண்டி ஒரு குழியில் இறங்கினேன், டயரின் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. காங்கயம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனால், பஞ்சர் கடைக்காரர் டயரைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, இந்த சைஸ் கோயமுத்தூர்லதானுங்க கெடைக்கும்” என்றார். கிழிந்த டயருக்கு எண்பது கிலோமீட்டர் கணக்கு ஜெர்மனி நெடுஞ்சாலையில் சரியாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காங்கயத்தில் அது என்னை எங்கே கொண்டு சேர்க்கும்? மற்ற மூன்றும் தேய்ந்துதான் இருந்தன, நாலையும் மாற்றியதில் 92,000.

அடுத்து, இன்ஜின் சூட்டை அடக்கிவைக்கும் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும். இரண்டும் பிளாஸ்டிக் கூடுக்குள் இருக்கின்றன. இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து அந்தக் கூடு விரிசல் விட்டு, கூலன்ட் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. 40 லட்ச ரூபாய் வண்டியில், கொதிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்தவனுக்கு நல்ல சாவே வராது. 71,000.

சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் கதையைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். போனது உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் மட்டும். “புஷ் தனியா வராது சார், ஆர்ம் செட்டாத்தான் வரும்” என்றார் சர்வீஸ் அட்வைசர். ஒரு ரப்பர் வளையத்துக்காக நல்ல இரும்பைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள், இரண்டு பக்கமும் சேர்த்து 64,000. நான் எந்த ஊர்க்காரன் தெரியுமா? வெறும் சேஸிஸாக வருகிற வண்டியை முழு பஸ்ஸாகக் கட்டி அனுப்புகிற ஊர் கரூர். தகடு வளைக்கிறவர், வெல்டிங் அடிக்கிறவர், லேத்துக்காரர் என்று கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிற ஊரில், ஒரு புஷ் மாற்ற 130 கிலோமீட்டர் தள்ளிக் கோவைக்குப் போகிறேன். எங்கள் தெருவில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குக் கீழே இன்னொரு மூடி. “கைய விட எடமில்லியேப்பா” என்று பானெட்டைச் சாத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இத்தனை மாதத்தில் இந்த வண்டியால் எனக்கு இலவசமாகக் கிடைத்தது அந்த டீ ஒன்றுதான்.

சரி, கியர்பாக்ஸுக்கு வருகிறேன். இதில் கிளட்ச் இரண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. இவற்றை மாற்றி மாற்றிப் பிடித்து விடுவதற்கு வால்வுகளும் கம்ப்யூட்டரும் சேர்ந்த ஒரு பெட்டி, பெயர் மெகட்ரானிக். நெடுஞ்சாலையில் வெண்ணெய் மாதிரி போகும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் ஊர் ஜவஹர் பஜாரில் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகிறது. ஒருநாள் லைட்ஹவுஸ் கார்னரில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, முதல் கியர் விழமாட்டேன் என்று நின்றுவிட்டது. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனில் என் குடும்பத்தையே விசாரித்தார். படுக்கை லாரியில் ஏற்றி அனுப்பிய கூலி மட்டும் 9,500.

சர்வீஸ் சென்டரில் அந்த 2,38,000 கணக்கைச் சொல்லிவிட்டு, பழைய ரெக்கார்டை எடுத்துப் பார்த்தார்கள். வாரண்டி முடிந்த பிறகு ஒரு பதிவும் இல்லை. டாக்டர் விவரமானவர். நோயாளி எப்போது படுக்கையில் விழும் என்று கணித்து, அதற்கு முன்பே டிஸ்சார்ஜ் செய்திருக்கிறார். வாங்குவதற்கு முன்னால் அந்த ரெக்கார்டைக் கேட்டு வாங்காதது என் முட்டாள்தனம். அதற்கு யாரையும் நொந்துகொள்ள முடியாது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். வருடம் 46,000 கட்டுகிறேன். தேய்மானத்தாலும் பழுதாலும் போகிற பார்ட்டுக்கு அதில் ஒரு பைசா வராது. எங்காவது மோதினால்தான் உண்டு. அப்போதும், வண்டிக்கு ஐந்து வயது தாண்டிவிட்டதால் உலோக பாகத்தில் 40 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக்கில் பாதி கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ஜீரோ டெப் கேட்டேன். வயதான வண்டிக்குக் கிடையாதாம்.

பெட்ரோல் டேங்க் மூடியில் இ10 வரை, அதாவது பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரை என்று ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊர் பங்குகளில் வருவது இ20. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு என்று வடிவமைத்து, இ10க்கு ஏற்றபடி சரிசெய்த காரில் இ20 போட்டால் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். டவுனுக்குள் ஒன்பது கொடுக்கிற வண்டிக்கு இதை வேறு கழித்தால் என்ன மிஞ்சும்?

இத்தனைக்கும் நடுவில் ஜிஎஸ்டியும் தன் பங்குக்கு விளையாடியது. 2025 செப்டம்பர் 22இல் இருந்து உதிரி பாகங்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது. என் பில்களில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே 28 போட்டுக் கட்டி முடித்தாயிற்று. புது சொகுசு வண்டிகளுக்கும் செஸ் என்கிற கூடுதல் வரி போய் மொத்தமே 40 சதவீதம் என்று ஆனதால் விலை இறங்கியது. புதுசு இறங்கினால் பழசு என்ன ஆகும்? அதுதான் ஆனது.

பெட்ரோல் இல்லாமல், இரண்டு வருட இன்சூரன்ஸும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 5,94,000.

போதும் என்று போன வாரம் ஒரு புரோக்கரை வரச் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து சாத்தினார், அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை தலையாட்டினார். “ஏழரைக்கு முடிச்சுக்கலாங்ளா?” என்றார். ஏழரை! வந்ததும் ஏழரை, போவதும் ஏழரை. யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே வந்தேன். அவர் வாசலில் நின்று போட்டோ எடுத்தபடியே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

“ஆமாங்க, டாக்டர் வண்டிதானுங்க.”