பெர்னார்ட் கார்ன்வெல்லும் நம் புள்ளலூரும்

தமிழில் சரித்திர நாவல் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது ஆங்கில நாவலாசிரியர் பெர்னார்ட் கார்ன்வெல்லைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று திடமாக நம்புகிறேன். நம் நாவல்களில் போர் வந்ததும் வாள்கள் மின்னுகின்றன, குருதி ஆறாக ஓடுகிறது, நாயகன் பத்துப் பேரைச் சாய்க்கிறான், அத்தியாயம் முடிந்துவிடுகிறது. ஆற்றை எந்தத் துறையில் கடந்தார்கள், யானைக்குத் தழை வெட்டி வந்தது யார், எதிரி ஏன் அந்த மேட்டைப் பிடித்தான், தோற்ற பக்கம் எந்த நேரத்தில் எதனால் உடைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. கார்ன்வெல்லிடம் இருக்கும். அதனால்தான் அவருடைய சண்டைக் காட்சிகள் படித்துப் பல வருடம் ஆனாலும் மனதில் நிற்கின்றன.

1944-ல் லண்டனில் பிறந்தவர். தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். அமெரிக்கப் பெண்ணை மணந்து அங்கே குடியேறியபோது வேலைக்கான அனுமதி கிடைக்கவில்லை. நாவல் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதால் எழுத உட்கார்ந்தார். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயரும் ரிச்சர்ட் ஷார்ப்பின் கதைவரிசை 1981-ல் தொடங்கியது. முதலில் ஸ்பெயின், போர்ச்சுகல் களங்கள். பிறகு காலத்தில் பின்னே போய் அவனுடைய இந்திய நாட்களை மூன்று நாவல்களாக எழுதினார்: ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையைச் சொல்லும் 'ஷார்ப்ஸ் டைகர்' (1997), மராட்டியரோடு நடந்த அசாயே போரைச் சொல்லும் 'ஷார்ப்ஸ் ட்ரையம்ப்' (1998), காவில்கட் மலைக்கோட்டையைச் சொல்லும் 'ஷார்ப்ஸ் ஃபோர்ட்ரஸ்' (1999). 2014-ல், நெப்போலியன் கடைசியாகத் தோற்ற போரைப் பற்றி 'வாட்டர்லூ' என்ற வரலாற்று நூலை வெளியிட்டார். அதே போரை 1990-லேயே நாவலாக எழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது எழுத விரும்புகிறவர்களுக்கு நல்ல பாடம்.

அவர் எழுத்தின் அடித்தளம் துப்பாக்கி. பிரிட்டிஷ் காலாட்படையின் பிரவுன் பெஸ் மஸ்கெட் சுமார் நாலரைக் கிலோ எடை. சிப்பாய், வெடிமருந்தும் குண்டும் சுற்றிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறான். கொஞ்சம் மருந்தைக் குழலின் பக்கத்தில் இருக்கும் கிண்ணியில் இட்டு மூடுகிறான். மிச்ச மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் திணித்து, கம்பியால் இடிக்கிறான். கம்பியை உருவி அதன் இடத்தில் செருகி, துப்பாக்கியின் குதிரையை, அதாவது சிக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை, முழுக்கப் பின்னால் இழுத்துச் சுடுகிறான். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். 100 கஜத்துக்கு மேல் தனி ஆளைக் குறிவைப்பது வீண். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டார்கள்.

இதில் தப்பிப்போகக்கூடியவை ஏராளம். கிண்ணி மருந்து ஈரமானால் பற்றாது. பற்றினாலும் குழலுக்குப் போகும் துளை கரியால் அடைத்திருந்தால் நெருப்பு உள்ளே போகாது. சிக்கிமுக்கிக் கல் தேய்ந்தால் பொறி விழாது. பதற்றத்தில் கம்பியை உருவ மறந்து சுட்டால் கம்பியும் குண்டோடு பறந்துவிடும். வேறு கம்பி கிடைக்கும் வரை துப்பாக்கி முனையில் இருக்கும் சனியன் என்ற குத்துக்கத்தியை மட்டும் வைத்துச் சண்டை போட வேண்டும். சுற்றிலும் இருக்கும் இரைச்சலில் தன் துப்பாக்கி வெடித்ததா என்றே தெரியாமல் முதல் தோட்டாவின் மேல் இரண்டாவதை இடித்துவிடுகிறவர்களும் உண்டு. மருந்தில் வெடியுப்பு இருப்பதால் தோட்டாவைக் கடிக்கக் கடிக்க வாய் வறளும். கார்ன்வெல் அந்தத் தாகத்தை எந்தப் போரிலும் விடுவதில்லை. நாலைந்து சுற்றுக்குப் பிறகு எதிரே வெள்ளைப் புகையைத் தவிர எதுவும் தெரியாது என்பதையும் விடுவதில்லை. இப்படி விளக்கிய பிறகு, மூன்று முறை சுடும் படைக்கும் இரண்டு முறை சுடும் படைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொல்லும்போது வாசகனுக்கு வயிறு கலங்குகிறது.

பிரெஞ்சுப் படை நெடும்பத்தியாக வருவதையும் பிரிட்டிஷ் படை இரட்டை வரிசையில் நிற்பதையும் அவர் கணக்காகவே போட்டுக் காட்டுவார். 40 பேர் அகலம், 20 பேர் ஆழம் என்று 800 பேர் வந்தால் முன்னால் இருக்கும் 80 பேர்தான் சுட முடியும். எதிரே இரண்டு வரிசையில் நிற்கும் 800 பேரும் சுடலாம். இந்தக் கணக்கை அவர் அளவுக்கு மேல் நம்புகிறார் என்றுதான் சொல்வேன். பிரெஞ்சுக்காரர்கள் பத்தியாக நடந்து வந்து, நெருங்கியதும் வரிசையாக விரியத்தான் பெரும்பாலும் திட்டமிட்டார்கள், விரிய நேரம் கிடைக்காத இடங்களில்தான் அடிபட்டார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான கதை ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 பிப்ரவரியில் திப்புவை எதிர்த்து பிரிட்டிஷ் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பியது. கூடவே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள். பீரங்கி இழுக்க, அரிசி சுமக்க, குண்டு சுமக்க எல்லாவற்றுக்கும் மாடுதான். வழியில் தீனி கிடைக்காமல் மாடு சாகச் சாகப் படையின் வேகம் குறைந்தது. ஏப்ரல் நடுவில் அரிசி கையிருப்பும் சுருங்கிப்போனது. இன்னொரு பக்கம் காவிரி. தென்மேற்குப் பருவமழை தொடங்கி வெள்ளம் வந்துவிட்டால் ஆற்றைக் கடந்து மதிலை எட்ட முடியாது. திப்பு அந்த வெள்ளத்துக்காகக் காத்திருந்தார். ஹாரிஸ் அதற்கு முன்னால் மதிலை உடைக்கத் துடித்தார். முற்றுகை முழுவதும் இந்த இழுபறிதான்.

மதிலை உடைப்பதற்கும் முறை உண்டு. மேலே அடித்தால் கல் பெயர்ந்து விழுமே தவிர ஏறுவதற்கு வழி கிடைக்காது. அடிப்பகுதியை நீளவாட்டில் அறுத்தாற்போல அடிக்க வேண்டும். அப்போது மேல் மதில் தன் பாரத்தாலேயே முன்னால் சரிந்து சரிவுப் பாதையாகக் கிடக்கும். 1799 மே 4 அன்று பிற்பகல் ஒரு மணிக்கு, உச்சி வெயிலில் காவலர்கள் அசந்திருக்கும் நேரம் பார்த்து, ஜெனரல் பெயர்டின் தலைமையில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் ஆற்றில் இறங்கினார்கள். உடைப்பில் ஏறியதும் இடமும் வலமுமாகப் பிரிந்து மதில் மேலேயே ஓடினார்கள். உள்ளே இன்னொரு அகழியும் மதிலும் இருந்ததால் நேரே குதிக்க முடியாது.

திப்புவைக் கொன்றது யார் என்று இன்று வரை தெரியாது. நாவலில் ஷார்ப் கொல்கிறான். இங்கேதான் கார்ன்வெல் மீது எனக்குப் பெரிய மரியாதை. நாவலின் கடைசியில் வரலாற்றுக் குறிப்பு என்று சில பக்கங்கள் ஒதுக்கி, எது நடந்தது, எது தன் கற்பனை, யாருடைய வீரத்தைத் தன் நாயகனுக்கு எடுத்துக் கொடுத்தார் என்று சொல்லிவிடுகிறார். காவில்கட் உட்கோட்டைக்குள் 1803 டிசம்பர் 15 அன்று ஏணி வைத்து முதலில் ஏறியது 94-ஆம் ரெஜிமெண்டின் கேப்டன் கேம்பல். நாவலில் அதைச் செய்வது ஷார்ப். குறிப்பில் அந்தப் பெருமை கேம்பலுக்கே திரும்பிவிடுகிறது.

நம் நாவல்களுக்கு இது அவசரமாகத் தேவை. இங்கே நாவலாசிரியரின் கற்பனைப் பாத்திரங்களை உண்மை மனிதர்கள் என்று நம்புகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஊர்ப்பெருமைச் சண்டையில் நாவல் வசனத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள். கடைசியில் நான்கு பக்கம் போதும்: இந்தச் செய்தி இந்தச் செப்பேட்டில் இருக்கிறது, இந்த மனிதர் கல்வெட்டில் வருகிறார், இந்தப் பெண் என் கற்பனை, இந்தப் போரின் தேதியை இரண்டு ஆண்டு தள்ளி வைத்தேன். கதையின் சுவை இதனால் ஒரு துளியும் குறையாது.

வரலாற்று நூலான 'வாட்டர்லூ'வில் நாவலாசிரியரின் கண் நன்றாகத் தெரிகிறது. போருக்கு முந்தைய இரவு கொட்டிய மழையில், லா ஹே செயின்ட் என்ற பண்ணை வீட்டில் தங்கிய வீரர்கள் களஞ்சியத்தின் பெரிய கதவை உடைத்து விறகாக எரித்துவிட்டார்கள். மறுநாள், 1815 ஜூன் 18 அன்று, அந்த வீட்டைத்தான் காக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் தரப்பில் அதைக் காத்த மேஜர் பேரிங்கின் ஜெர்மானியப் படையினரிடம் இருந்தது வரிப்பள்ளம் வெட்டிய பேக்கர் ரைஃபிள். அதற்குரிய தோட்டாவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் வந்துசேரவில்லை. சாயங்காலம் வீடு பிரெஞ்சுக்காரர்கள் கையில் விழுந்தது. மழை இன்னொன்றும் செய்தது: சேற்றில் பீரங்கிகளை நகர்த்த முடியாமல் நெப்போலியன் காத்திருந்தார், சுட்ட குண்டுகளும் தரையில் பட்டுத் துள்ளாமல் புதைந்தன. போர் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதில்கூடப் பார்த்தவர்கள் ஒத்துப்போவதில்லை, அவரவர் கடிகாரம் அவரவர் நேரத்தைக் காட்டியது. நாவலில் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு போய்விடலாம். வரலாற்றில் முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும், அவரும் சொல்கிறார்.

அவரிடம் நிறையாத இடம் ஒன்று உண்டு. 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேயில் பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லியின் காலாட்படையில் பெரும்பங்கு மதராஸ் பட்டாலியன்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றும் நிற்கும் யானை அசாயே யானைதான். கைத்னா ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்கள் இருப்பதைப் பார்த்த வெல்லெஸ்லி, நடுவில் கட்டாயம் ஆள் கடக்கும் துறை இருக்கும் என்று ஊகித்துப் படையை இறக்கினார். அவருக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கிய தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் நாவலில் ஓரமாகத்தான் நிற்கிறார்கள். அவர்கள் சம்பளம் என்ன, வீட்டுக்குப் பணம் எப்படிப் போனது, கூடவே நடந்த குடும்பங்கள் என்ன சாப்பிட்டன? இதை லண்டன்காரர் எழுதவில்லை என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. நாம் எழுத வேண்டிய நாவல் அது.

களமும் பக்கத்திலேயே இருக்கிறது. புள்ளலூர், காஞ்சிபுரத்துக்கு அருகே. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதே ஊரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் பிரிட்டிஷ் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். தோல்விக்கு விதை பதினைந்து நாள் முன்பே விழுந்துவிட்டது. ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்த பெய்லி, அன்றைக்கே கடக்காமல் கரையில் கூடாரம் போட்டார். இரவில் ஆறு பெருகியது. ஒரு வாரத்துக்கு மேல் அக்கரைக்குப் போக முடியவில்லை. கடைசியில் கடந்து, செப்டம்பர் 9 இரவு காஞ்சியை நெருங்கிய நேரத்தில் மறுபடியும் நின்றார். விடிந்ததும் சூழப்பட்டார். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ, பக்ஸார் போரை வென்றவர், உதவிக்கு நேரத்தில் போகவில்லை. பிறகு கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸ் பக்கம் பின்வாங்கினார். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சென்னைக்குள்ளேயே 1746 அக்டோபர் அடையாற்றுச் சண்டை இருக்கிறது. பிரெஞ்சு அதிகாரி பாராடியின் சுமார் ஆயிரம் பேர் ஆற்றில் இறங்கி வந்து ஆற்காட்டு நவாபின் மகனுடைய பத்தாயிரம் பேரைச் சிதறடித்தார்கள். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி, ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகர வீடுகளின் மறைவில் எதிரி கோட்டையை நெருங்க முடிந்தது என்ற பாடத்தால்தான் பிறகு அந்த வீடுகளை இடித்துத் திறந்தவெளி ஆக்கி, எல்லைக்கல் நட்டார்கள். ஒரு கல் பாரிமுனை டேர் ஹவுஸ் மூலையில் இன்னும் நிற்கிறது. உயர் நீதிமன்றம் எழும்பியது அந்த வெட்டவெளியில்தான்.

இந்தக் காலத்தை எழுதுகிறவர்களுக்கு புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழிலேயே நாட்குறிப்பு விட்டுப்போயிருக்கிறார், 1736 முதல் 1761 வரை. எழும்பூர் ஆவணக் காப்பகமும், கோட்டை அருங்காட்சியகத்தின் துப்பாக்கிகளும், தரமணி ரோஜா முத்தையா நூலகமும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. சோழர் காலத்தை எழுதுகிறவர்களுக்கும் சான்று உண்டு. தக்கோலத்தில் 949-ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் போரில் இறந்ததைச் சொல்லும் ஆதகூர்க் கல்லில், காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டைநாயின் கதையும் இருக்கிறது. அந்த நாயை விட்டுவிட்டுத் தக்கோலத்தை எழுதுவது பெரிய இழப்பு.

எழுதும் முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு முக்கால் கிலோ அரிசி, ஒரு பொதிமாட்டுக்கு 75 கிலோ சுமை என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 7,500 கிலோ, அதாவது 100 மாடு. முப்பது நாளுக்கு 3,000 மாடு. குதிரைக் கொள்ளும் யானைத் தழையும் தனி. வேலைக்காரர்களும் வியாபாரிகளும் கூட வந்தால் இது பல மடங்காகும். இத்தனை மாடும் எந்த ஏரியில் தண்ணீர் குடிக்கும் என்று கேட்டாலே படை எந்த வழியாகப் போயிருக்கும், எந்த மாதத்தில் கிளம்பியிருக்கும் என்பது தானாகத் தெளிவாகும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகள் நிறைந்து, பாதை காய்ந்திருக்கும் தை, மாசியை விட்டுவிட்டு ஐப்பசியில் படையைக் கிளப்பினால் உங்கள் மன்னர் சேற்றில் நிற்பார். கதைக்கு அது தேவை என்றால் அவரைச் சேற்றிலேயே நிறுத்தி அதையும் எழுதுங்கள்.

கார்ன்வெல்லில் புதிதாக நுழைகிறவர்கள் 'ஷார்ப்ஸ் டைகர்' எடுங்கள். ஊர்ப்பெயர்கள் பழக்கமானவை என்பதால் ஆங்கிலம் தடுக்காது. கடைசிக் குறிப்பை முதலில் படிக்க வேண்டாம், முடிவு தெரிந்துவிடும். 'வாட்டர்லூ'வை அச்சுப் புத்தகமாக வாங்குங்கள். வரைபடங்களும் ஓவியங்களும் கைபேசித் திரையில் படிக்கத் தோதாக இருக்காது, அவை இல்லாமல் எந்தப் படை எந்த மேட்டுக்குப் பின்னால் நின்றது என்பது பிடிபடாது.