பெயர்த்த டைல்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்

டைல்ஸ் வேலை சரியில்லை என்று வீட்டுக்காரரும் கான்ட்ராக்டரும் முட்டிக்கொள்ளும்போது, நடுவில் நின்று பேச என்னைப் போன்ற சிவில் இன்ஜினியர்களைக் கூப்பிடுவது திருச்சிப் பக்கம் சகஜம். போய் நின்றால் பெரும்பாலும் ஒரே கூத்துதான். "பாக்கியில பத்து பைசா தரமாட்டேன்" என்பார் இவர். "பாக்கி வந்தாதான் ஆள் அனுப்புவேன்" என்பார் அவர். டைல்ஸுக்கு என்ன ஆச்சு என்று இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள்.

பணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பது போல டொப்பு டொப்பென்று சத்தம் வருகிற இடத்தில், இரு தரப்பும் பக்கத்தில் நிற்கும்போது, ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். யார் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அதன் முதுகில் இருக்கும்.

சமீபத்தில் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். டீச்சர் ஒருவர் கட்டிய வீடு. ஹாலில் 4க்கு 2 சைஸ் விட்ரிஃபைடு டைல்ஸ். வைகாசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது. கடைசி வாரத்தில் ராத்திரி லைட் போட்டு ஒட்டினார்கள். பால் காய்ச்சியாச்சு, எல்லோரும் பாராட்டியாச்சு. அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம் ஹால் நடுவே 'டப்'பென்று சத்தம். இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டி, கூரை போல நிமிர்ந்து நின்றுவிட்டன.

கான்ட்ராக்டர் சொன்ன பதில்: "வெயில் சார். இந்த வருஷம் எல்லா வீட்டுலயும் தூக்குது."

இதில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் இந்தப் பதில் எப்போதும் எடுபடுகிறது. சூட்டில் டைல்ஸ் விரியும். ஆனால் விரிவதற்கு இடம் விட்டிருந்தால், அடியில் ஒழுங்காகப் பிடித்திருந்தால், அது எதற்காகத் தூக்கப் போகிறது? இந்த ஹாலில் ஸ்பேசரே, அதாவது டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கிற சின்ன துண்டே, போடவில்லை. கோடு தெரியக்கூடாது, ஒரே கல் மாதிரி இருக்கணும் என்று டைல்ஸோடு டைல்ஸை நெருக்கி அடித்திருந்தார்கள். சுவர் ஓரத்தில் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டுகிற டைல்ஸ் பட்டை) மறைக்கிற இடத்தில் விட வேண்டிய சின்ன இடைவெளியும் இல்லை. கலவையைக் கொட்டி இறுக்கி அடைத்திருந்தது. நெருக்கிய தரை பக்கவாட்டில் நகர முடியாமல் மேலே தூக்கிக்கொண்டது.

தூக்கிய இடத்துக்கு அடுத்த டைல்ஸைப் பெயர்க்கச் சொன்னேன். ஓரத்தை மிஷினில் அறுத்துவிட்டு உளியை லேசாகக் கொடுத்து நெம்பியதும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. இதைக் கவனிக்க வேண்டும். நன்றாகப் பிடித்த டைல்ஸ் முழுசாக வராது. துண்டு துண்டாக உடைந்துதான் வரும், கீழே இருக்கிற கலவையையும் பிய்த்துக்கொண்டு வரும். இதைத் திருப்பினால் நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து சிமெண்ட் உருண்டை வைத்த தடம். மற்ற இடமெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. டீச்சர் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. சூளையில் டைல்ஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அடியில் பூசுகிற பொடி அது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். துடைக்கவே இல்லை.

கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

கொஞ்சம் தொழில் சமாச்சாரம். பழைய செராமிக் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும். சிமெண்ட் பால் ஊற்றி வைத்தால் உறிஞ்சிக்கொண்டு பிடித்துவிடும். விட்ரிஃபைடு அப்படி இல்லை. அது உறிஞ்சுகிற நீர் அரை சதவீதத்துக்கும் கீழே. சிமெண்ட் பால் அதன்மேல் காயுமே தவிரப் பிடிக்காது. அதற்குத்தான் கம் என்று சைட்டில் சொல்கிற டைல் அட்ஹெசிவ். இதற்கு ஐ.எஸ். 15477 என்று இந்தியத் தர விதியே உண்டு. பல் வைத்த கரண்டியால் கோடு கோடாக இழுத்து, டைல்ஸை வைத்து அழுத்தினால் அடி முழுக்கப் பரவ வேண்டும். அமெரிக்கத் தரத்தில் உலர்ந்த இடத்துக்குக் குறைந்தது 80 சதவீதம், தண்ணீர் புழங்கும் இடத்துக்கு 95 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த ஹாலில் கால் பங்குகூடத் தேறாது.

சரி, தப்பு யாருடையது? அங்கே இருந்த உறவினர் ஒருவர் உடனே தீர்ப்பு சொன்னார்: "இந்திக்காரப் பசங்களை விட்டா இப்படித்தான்." எனக்குச் சுருக்கென்றது. ஒட்டிய மேஸ்திரி பீகார்க்காரர், அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார், தமிழும் புரியும். "கம் குடுத்தா கம்ல ஒட்டுவேன் சார். சிமெண்ட் குடுத்தாங்க" என்றார். அவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. துடைக்கவும், கோடு இழுக்கவும், ஸ்பேசர் வைக்கவும் ஆகிற நேரத்துக்கு அந்தக் கூலியில் இடமில்லை. அதற்குமேல் முகூர்த்தத் தேதி வேறு. நம்மூர் மேஸ்திரியும் இதே கூலிக்கு, இதே தேதிக்கு இதைத்தான் செய்திருப்பார். செய்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிரச்சினை வந்ததும் கான்ட்ராக்டர் முதலில் கை வைப்பது மேஸ்திரியின் கூலியில்தான். அதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

அடுத்த வாதம்: "மேடம்தான் சார் கம் வேணாம்னாங்க, காசு கூட ஆகும்னு." டீச்சர் அப்படியே மறுத்தார்: "நீங்கதானே கம்மெல்லாம் தேவையில்ல, சிமெண்ட்டே போதும்னீங்க?" காகிதத்தில் எதுவும் இல்லை. யார் சொல்வது உண்மையோ தெரியாது, அது எனக்குத் தேவையும் இல்லை. வீட்டுக்காரரே வேண்டாம் என்று சொன்னதாக வைத்துக்கொண்டாலும், தொழில் தெரிந்தவர் கான்ட்ராக்டர். கம் இல்லாமல் நிற்காது என்று சொல்லி மறுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 'சொன்னேன், கேட்கவில்லை' என்று எழுதி ஒரு கையெழுத்தாவது வாங்கியிருக்க வேண்டும். ஒட்டும் முறைக்கு அவர்தான் பொறுப்பு. இங்கே நான் வீட்டுக்காரர் பக்கம்.

ஆனால் ஹால் முழுக்கப் பெயர்த்துப் புதுசு போடு என்று டீச்சர் கேட்டது அதிகம். ஓட்டை போட்டு உள்ளே சிமெண்ட் பால் ஊற்றிவிடுகிறேன் என்று கான்ட்ராக்டர் சொன்னது கண்துடைப்பு. பொடி துடைக்காத முதுகில் இன்னும் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பிடிக்காது. ரப்பர் சுத்தியலால் தரை முழுவதும் தட்டி, சத்தம் வந்த இடங்களில் சாக்பீஸால் குறி போட்டோம். நடுவில் உள்ளங்கை அளவு சத்தம் வந்தால் விட்டுவிடலாம், அது காலத்துக்கும் அப்படியே கிடக்கும். மூலையும் ஓரமும் சத்தம் போட்டால் பெயர்த்தாக வேண்டும். பீரோ கால் ஒன்று ஏறினால் போதும், விண்டுவிடும். அப்படிப் பார்த்ததில் ஹாலில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

மாற்று டைல்ஸ் எங்கே என்று பார்த்தால், மீந்த பெட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே டிசைன் கடையில் இருந்தது, ஆனால் ஷேடு நம்பர் வேறு. பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரிகிறது. (வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒவ்வொரு அறை டைல்ஸிலும் ஒரு பெட்டியாவது பரணில் போட்டு வையுங்கள். பெட்டியில் அச்சடித்த ஷேடு, பாட்ச் நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.) இங்கே ஒரு வேடிக்கை: வேலை அவ்வளவு மோசமாக இருந்ததால் டைல்ஸ் எல்லாம் உடையாமல் வந்தன. முதுகைத் தேய்த்துக் கழுவி அதையே திரும்ப ஒட்டிவிட்டார்கள்.

ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். குறி போட்ட டைல்ஸை எடுத்து, கீழே தளர்ந்த கலவையைச் சுரண்டி, முழுப் பரப்பும் கம் போட்டு, 2 மில்லிமீட்டர் ஸ்பேசரோடு ஒட்ட வேண்டும். சுவர் ஓரம் இடைவெளி விட வேண்டும். கூலி, கம், உடைகிற டைல்ஸ் எல்லாம் கான்ட்ராக்டர் செலவு. மேஸ்திரிக்கு மறு வேலைக்கும் கூலி உண்டு. டீச்சர் பிடித்து வைத்திருந்த பாக்கியில் பாதி, வேலை முடிந்த அன்றே தர வேண்டும். மீதி அடுத்த கோடை தாண்டியதும். அரசுக் கட்டட வேலைகளில் பில்லில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறைநீக்கக் காலம் முடிந்த பிறகுதான் விடுவார்கள். வீட்டு வேலையில் அதை ஆரம்ப ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இவ்வளவு சத்தமே வராது. எழுதாமல் கடைசியில் பிடித்து வைக்கும்போதுதான் அது ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. கான்ட்ராக்டருக்கும் வட்டி ஓடுகிறது, அதையும் மறக்கக்கூடாது.

கான்ட்ராக்டர் போனையே எடுக்காவிட்டால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வீட்டுக் கட்டுமானமும் சேவைதான் என்று தெளிவாகவே இருக்கிறது. முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஃபிளாட் வாங்கியவர்கள் நிலைமை வேறு. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, சாவி வாங்கியதிலிருந்து 5 வருடத்துக்குள் வேலைத்தரக் குறையைக் காட்டினால் 30 நாளுக்குள் புரமோட்டர், அதாவது ஃபிளாட்டைக் கட்டி விற்றவர், தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு ரெராவுக்குப் போய் அலைய வேண்டாம், அது அவர்களுக்கானது இல்லை.

கேஸ் போடுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். கோபத்தில் வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் இடித்துப் புதுசாகப் போட்டுவிட்டு, பிறகு ஆணையத்தில் போய் நிற்பது. அங்கே கேட்கப்போவது அந்த ஐந்து உருண்டைத் தடத்தைத்தான். போட்டோ, இன்ஜினியர் ரிப்போர்ட், பெயர்த்த டைல்ஸ் ஒன்றிரண்டு கையில் இல்லாவிட்டால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் சொல், அவ்வளவுதான்.

டீச்சர் வீட்டு ஹால் இப்போது நன்றாக இருக்கிறது, தட்டினால் கட்டியான சத்தம். ஒரே ஒரு பஞ்சாயத்து பாக்கி. ஸ்கர்ட்டிங் பெயர்க்கும்போது நாலு பீஸ் உடைந்துவிட்டது. புது ஷேடில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நிறம் லேசாக மாறுகிறது, அதையும் மாற்றினால்தான் மீதிப் பணம் என்கிறார் டீச்சர். அந்த நாலும் சோபாவுக்குப் பின்னால் வருகிறது, அந்த பாட்ச் டைல்ஸ் இனி எங்கேயும் கிடைக்காது. இதில் நான் கான்ட்ராக்டர் பக்கம். சொல்லிவிட்டேன். டீச்சர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.