நான் கட்டவில்லை, கட்டிவிட்டார்கள்

மூன்று வாரமாக நான் இங்கே புலம்பிக்கொண்டிருந்த மஞ்சள் விளக்கு விவகாரம், அதாவது சிக்னல் கேமரா அனுப்பிய அபராதத்தைக் கட்டமாட்டேன் என்று நான் நின்றது, முடிந்துவிட்டது. தீர்ப்பு வரவில்லை, விசாரணையே நடக்கவில்லை. என் மச்சினன் நேற்று இரவு ஆன்லைனில் அபராதத்தைக் கட்டிவிட்டான். "அத்தான், உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நானே முடிச்சுட்டேன்" என்று ஒரு செய்தி, கீழே ரசீது, அதற்கும் கீழே கும்பிடும் கை. நோட்டீஸ் எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் கட்டலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண் அவனுக்கு எப்படிப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. இந்த வீட்டில் நான் இன்னும் குடியிருக்க வேண்டும்.

"அப்பாடா, தொல்லை விட்டது" என்று எழுதிய நண்பர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. எனக்கு விடவில்லை.

கட்டுவது என்றால் பணம் கொடுப்பது மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். ‘ஆமாம், நான்தான் செய்தேன்’ என்று சொல்வதும் அதில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கட்டிய நிமிடத்தில் கோப்பு மூடப்படுகிறது. உங்கள் பக்கம் என்னவென்று அதற்குப் பிறகு யாரும் கேட்கப் போவதில்லை. என் மச்சினன் எனக்காக ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான். ரொம்ப நல்ல மனசு.

புதிதாக வந்தவர்களுக்காக மட்டும் மறுபடி சொல்கிறேன். அனுமதித்த வேகத்துக்குள்தான் போனேன். சிக்னலின் நிறுத்தக் கோட்டுக்குக் கிட்டே போகும்போது மஞ்சள் வந்தது, கடப்பதற்குள் சிவப்பாகிவிட்டது. கேமரா படம் எடுத்தது. மறுநாள் அதே இடத்தில் நடைபாதையில் நின்று இருபது முறை அந்த விளக்கைக் காணொளியில் பிடித்தேன். ஒரு முறைகூட மஞ்சள் இரண்டரை நொடியைத் தாண்டவில்லை.

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். விளக்கு மாறியதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. பின்னால் வருபவர் நம் மேல் ஏறாத அளவுக்குப் பதமாகப் பிரேக் பிடித்தால், நிற்பதற்கு மொத்தம் 45 மீட்டராவது வேண்டும். இரண்டரை நொடியில் வண்டி போவதோ 35 மீட்டர். அப்போது கோட்டுக்கு 40 மீட்டர் முன்னால் இருப்பவர் என்ன செய்வார்? நிற்கவும் முடியாது, கடக்கவும் முடியாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1960-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் இதைச் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் போக்குவரத்து சிக்னல் கையேட்டில் மஞ்சளுக்குக் குறைந்தது 3 நொடி, அதிகபட்சம் 6 நொடி என்று இருக்கிறது. என் விளக்குக்கு அந்தக் குறைந்தபட்சமும் இல்லை.

"இதையெல்லாம் எந்த நீதிபதி உட்கார்ந்து கேட்பார்?" என்று சிரித்தீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்று ஒருவர் இருக்கிறார். 2013-ல் அவர் மனைவிக்கு இதே மாதிரி சிவப்பு விளக்குக் கேமராவில் அபராதம் வந்தது. அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வளைந்து திரும்பும் வண்டி வேகத்தைக் குறைத்துத்தானே ஆகவேண்டும், அதற்கு அந்தப் பழைய சூத்திரம் இடமே தரவில்லை என்று காட்டினார். அங்குள்ள பொறியாளர் வாரியம் என்ன செய்தது தெரியுமா? உரிமம் இல்லாமல் பொறியியல் பேசியதற்காக அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது! அவர் அதையும் விடவில்லை. 2018-ல் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2020-ல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பு மஞ்சள் விளக்கு வழிகாட்டுதலையே திருத்தியது. ஏழு வருஷம். அவருக்கு மட்டும் ஒரு நல்ல மச்சினன் வாய்த்திருந்தால் எல்லாம் ஒரே இரவில் முடிந்திருக்கும்.

சரி, நான் யார்ல்ஸ்ட்ரோம் இல்லை. தெரியும்.

"உன் நேரத்துக்கு விலை இல்லையா? ஒரு நாள் சம்பளத்தில் கால்வாசிகூட வராத தொகைக்கு ஒரு நாள் லீவா?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டீர்கள். நேர்மையாகச் சொன்னால் கணக்கு உங்கள் பக்கம்தான். அந்தக் கணக்கை எனக்கு முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். பிரிட்டனில் நகராட்சியின் பார்க்கிங் அபராதத்தை 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான். சலுகை மாதிரித் தெரிகிறது. தன் பக்கம் நியாயம் இருப்பவனும் ‘தோற்றால் இரண்டு மடங்காச்சே’ என்று பயந்து பாதியைக் கட்டிவிட்டுப் போவான். தப்பு செய்தவனுக்கு லாபம், செய்யாதவனுக்குப் பாதி நஷ்டம். இதற்குப் பெயர் தள்ளுபடியாம்.

"சில்லறைக்கு அடித்துக்கொள்கிறான்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பின்லாந்தில் வேகம் ரொம்பத் தாண்டினால் வருமானத்தைப் பார்த்துத்தான் அபராதம். 2002-ல் நோக்கியாவின் உயரதிகாரி அன்சி வான்யோகிக்கு 50-ல் போகவேண்டிய இடத்தில் 75-ல் போனதற்காக 1,16,000 யூரோ விதித்தார்கள். அவர் வழக்குக்குப் போய், வருமானம் குறைந்துவிட்டது என்று காட்டி, பெரும்பகுதியைக் குறைத்துக்கொண்டார். பணக்காரன் போனால் உரிமை, நான் போனால் சில்லறை புத்தி.

இன்னொருவர் எழுதியிருந்தார்: சிக்னலை மதிக்காத ஒரு வண்டியால் தம்பியை இழந்தவர் அவர். அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் போனைத் தொடவில்லை. அவருக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் வேகமாகப் போய் மாட்டியிருக்கிறேன். வந்த அன்று இரவே வாய் பேசாமல் கட்டினேன். தப்பு என்றால் கட்டவேண்டும். நான் கேட்பது மஞ்சளைச் சரியாக எரியவிடுங்கள் என்று மட்டும்தான். அது அவருக்கு எதிராகவா இருக்கிறது? அவர் இன்னும் கோபமாக இருந்தால் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வீட்டிலும் கேட்டார்கள். சில வருஷத்துக்கு முன்னால் ‘நிறுத்தக்கூடாத இடம்’ என்று ஒரு அபராதம் வந்தது. பலகை மரக்கிளைக்குப் பின்னால் இருந்தது. யாருக்கு நேரம் என்று கட்டிவிட்டேன். எட்டு மாதம் கழித்து வேறொரு இடத்தில், இந்த முறை நிஜமாகவே என் தப்பு, மாட்டினேன். தொகை மூன்று மடங்கு. ஏன் என்றால் ‘மீண்டும் அதே குற்றம்’. முதலாவது நான் செய்ததே இல்லை என்று கவுண்டரில் சொன்னேன். "கட்டியிருக்கீங்களே சார்" என்றார் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

கட்டியிருக்கீங்களே சார். அலுவலகத்தில் வேறொருவர் விட்ட பிழைக்கு, ‘பிரச்சினை வேண்டாம்’ என்று விளக்கக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் இப்படித்தான். இரண்டு வருஷம் கழித்துப் பதவி உயர்வு நேரத்தில் அந்தக் காகிதம் எழுந்து வந்தது. ‘விடு, உனக்கு எதுக்கு டென்ஷன்’ என்று அன்றும் எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். என் மேல் அக்கறை உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஒரு குற்றவாளியாக்கி, நிம்மதியாகத் தூங்கச் சொல்கிறார்கள்.

மச்சினனுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். "என்ன அத்தான், நமக்குள்ள" என்று அவன் அதை மறுபடி எனக்கே அனுப்பிவிட்டான். இதுவரை மூன்று முறை அந்தப் பணம் போய் வந்திருக்கிறது.

அதே சிக்னலில் நோட்டீஸ் வாங்கி இன்னும் கட்டாமல் இருப்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். இருபது காணொளியும் இருக்கிறது, கணக்கும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், விசாரணைக்காகப் போட்ட லீவும் அப்படியே இருக்கிறது, கூடவே வருகிறேன். நோட்டீஸ் எண்ணை மட்டும் இங்கே பொதுவில் போட்டுவிடாதீர்கள். மச்சினன் இந்தப் பதிவுகளைப் படிக்கிறான்.